பட்டியலிலிருந்து நான் நீக்கிய கம்ப்யூட்டர்

இந்த வாரம் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆளுக்கொரு படம் போட்டிருக்கிறீர்கள். திரை முழுக்கப் பச்சை. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. கூடவே எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: நெட்வொர்க்கைக் கண்காணிக்க எந்த மென்பொருள் நல்லது? பதில் சொல்ல இங்கே ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், சொல்லியும் விட்டார்கள். அதற்குள் நான் புகுந்து குழப்பப் போவதில்லை. எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்பது வேறு. அந்தப் பச்சைப் படத்தை எடுப்பதற்கு முன்னால் பட்டியலிலிருந்து எதையெல்லாம் நீக்கினீர்கள்?

கோபித்துக்கொள்ள வேண்டாம். இது என் கேள்வி இல்லை, என்னிடம் ஒருவர் கேட்டது. அன்றைக்கு எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது.

அப்போது திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியறை வைத்திருந்தேன். தொண்ணூறுகளில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டபோது, அவற்றைத் துடைத்து வைக்கப் போன ஆள் நான். துடைக்கப் போய், திறந்து பார்த்து, திறந்ததை மூடத் தெரியாமல் விழித்து, அப்படிக் கற்றதுதான் மொத்தமும். சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ் கிடையாது. பிராட்பேண்ட் நம் பக்கம் வந்த பிறகு பஞ்சாலை அலுவலகம், பூட்டுக் கடை, பள்ளிக்கூடம், காய்கறி மண்டி என்று பதினோரு இடங்களின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டேன். பதினோரு இடத்துக்கும் தினமும் ஓட முடியுமா? இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளைப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஏற்றி மாடியறையில் வைத்தேன். அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் இடத்துக் கருவியையும் கூப்பிட்டு, இருக்கிறாயா என்று கேட்கும். பதில் வந்தால் திரையில் இருக்கும் பலகையில் பச்சை. வராவிட்டால் சிவப்பு. என் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தியும் வரும்.

பதினோரு இடங்களில் ஒன்று ஒட்டன்சத்திரம் மண்டி. முன்னால் சாலையோரம் அலுவலகம், நடுவில் லாரிகள் நிற்கும் முற்றம், பின்னால் எடைக் கொட்டகை. கொட்டகையில் மூட்டைகளை எடை போட்டு அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் பதிந்தால், அலுவலகத்து இயந்திரத்தில் லோடு சீட்டு அச்சாகி வரும். அந்தச் சீட்டு இல்லாமல் லாரி கேரளாவுக்குக் கிளம்ப முடியாது. கையால் எழுதிய சீட்டை அந்தப் பக்கத்து வியாபாரிகள் வாங்க மாட்டார்கள். சீட்டு ஒரு மணி நேரம் தாமதமானால் லாரி விடிகாலைச் சந்தையைத் தவறவிடும். தவறவிட்டால் தக்காளி என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முற்றத்தின் குறுக்கே கம்பி இழுத்தால் லாரி அறுத்துக்கொண்டு போய்விடும். அதனால் அலுவலகக் கூரையில் ஓர் ஆன்டெனா, கொட்டகைத் தகரத்தின் விளிம்பில் ஓர் ஆன்டெனா என்று வயர்லெஸ் போட்டுக் கொடுத்தேன். வரத்து குறைவான மாதம் அது. சந்தைக்கு விடுமுறை நாளாகப் பார்த்துப் போனேன், இடைஞ்சல் இல்லாமல் வேலை செய்யலாம் என்று. அருமையாக வேலை செய்தது. நானே என் தோளில் தட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கொட்டகைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் செல்வராணி. முப்பது வயது இருக்கும். அதே மண்டியில் காய் தரம் பிரிக்கும் வேலைக்கு வந்தவர். பழனிக்குப் போய் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறியவர். அவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. சாப்பாட்டுக்கு எழுந்தாலும் சரி, சாயங்காலம் கிளம்பினாலும் சரி, கொட்டகையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவார். தகரக் கொட்டகை, சணல் சாக்கு, பழைய ஒயர். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் என் பலகையில் தினமும் இரண்டு முறை சிவப்பு எரியும். செல்போன் கீச்சுக் கீச்சென்று கத்தும். நான் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்துக் கத்தும். ஒரு வாரம் பொறுத்தேன். அது பழுது இல்லை, அந்த அம்மா அணைத்துவிட்டுப் போகிறார், இதற்கு எதற்கு எச்சரிக்கை என்று சொல்லிக்கொண்டு, கொட்டகையைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டேன். மண்டி என்ற பெயருக்கு நேரே அலுவலகத்து ரௌட்டர் மட்டும் மிச்சம். அது எந்நேரமும் பச்சை. எனக்கும் நிம்மதியாகச் சாப்பாடு இறங்கியது.

நம் தொழிலில் இருக்கிறவன் மட்டும்தான் இந்தத் தவறைச் செய்வான். சமையல்காரர் யாரும் கரிகிற வாசனை வருகிறது என்பதற்காக மூக்கை அடைத்துக்கொள்வதில்லை. நாம் அடைத்துக்கொள்வோம். அதற்கு ஒழுங்குபடுத்துதல் என்று பெயரும் வைப்போம்.

வரத்து கூடியது. முட்டைக்கோஸ், முருங்கை, பூசணி என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்க ஆரம்பித்தது. செல்வராணியிடமிருந்து போன் வர ஆரம்பித்தது.

"சார், மறுபடியும் நின்னு போச்சுங்க."

"இங்க பச்சையாத்தானேம்மா காட்டுது."

"அங்க பச்சையா இருந்து என்னங்க சார் பண்றது? இங்க சீட்டு வரலீங்களே."

"ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரும்மா."

"பண்ணிட்டனுங்க. நேத்தும் இப்படித்தான், ரெண்டு நாப்பதுக்கு நின்னு மூணு இருவதுக்கு வந்துச்சு. எல்லாம் எழுதி வெச்சிருக்கறேன். படிக்கட்டுங்களா?"

"அதெல்லாம் வேணாம்மா. உங்க கம்ப்யூட்டர்லதான் என்னமோ கோளாறு."

அரை மணி, முக்கால் மணி கழித்து அதுவாகவே சரியாகிவிடும். மறுபடி மறுநாள் இதே கதை. லாரிக்காரர்கள் கத்தினார்கள், கேரளாவிலிருந்து போன் வந்தது, முதலாளிக்குப் பொறுமை போனது. செல்வராணிக்குக் கம்ப்யூட்டர் சரியாகத் தெரியவில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கோயம்புத்தூரில் படித்த அவருடைய தங்கை மாப்பிள்ளை வேலை தேடிக்கொண்டும் இருந்தார். முடிவு கட்டியவர் நியாயஸ்தர். தன் வாயால் மட்டும் சொல்லக் கூடாது என்று என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க, லைன்ல குத்தமா, அந்தப் புள்ளைகிட்ட குத்தமா? உங்க மிசின்லதான் எல்லாம் பதிவாகுதுன்னு சொன்னீங்கல்ல, பாத்து எழுதிக் குடுத்துருங்க."

நான் பார்த்தேன். மாதம் முழுக்கப் பச்சை. என் பெயர் அச்சடித்த தாளில் இரண்டு வரி எழுதிப் புதன்கிழமை அனுப்பினேன். இணைப்பில் குறை எதுவும் இல்லை. இயக்குபவரின் கவனக்குறைவாக இருக்கலாம்.

முதல் வரி, பார்த்ததை வைத்து எழுதியது. பார்த்தது பாதிதான் என்றாலும் பார்த்தேன். இரண்டாவது வரியைப் பாருங்கள். அது எந்தத் திரையிலும் இல்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை, இல்லை, கேட்டார்கள், ஆனால் தெரியாது என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். இருக்கலாம் என்று போட்டுவிட்டால் பொறுப்பு நம்மைச் சேராது என்று ஓர் எண்ணம் நமக்கு உண்டு. படிக்கிற முதலாளிக்கு அந்த இருக்கலாம் கண்ணிலேயே படாது. வெள்ளிக்கிழமையோடு கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்லிச் செல்வராணியிடம் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மாப்பிள்ளை வருவதாக ஏற்பாடு. இது எனக்குத் தெரியாது.

இணையத்தில் அப்போது நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு குழு இருந்தது. இந்தக் குழுவுக்கு அண்ணன் மாதிரி. எந்தக் கருவி எப்போது மக்கர் பண்ணும், எந்த எச்சரிக்கையை எப்படி அமைப்பது என்று ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வோம். வியாழக்கிழமை நான் அதில் என் பலகையின் படத்தைப் போட்டேன். பதினோரு இடம், ஒரு மாதம், ஒரு சிவப்புப் புள்ளி கிடையாது என்று கொஞ்சம் மீசையை முறுக்கியே எழுதினேன். பாராட்டு வந்து குவிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஒரே ஒரு பதில் வேறு மாதிரி இருந்தது.

அதை எழுதியவர் பெயர் போடமாட்டார். எந்த ஊர், என்ன வயது என்று கடைசிவரை தெரியாது. யாருக்கும் இரண்டு வரிக்கு மேல் எழுதவும் மாட்டார். எனக்கு எழுதியது இது: "படம் நன்றாக இருக்கிறது. இதில் இல்லாதது எது என்று சொல்லுங்கள். நீங்கள் நீக்கிய இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவர் என்ன சொல்கிறார்?"

நறுக்கென்று பதில் எழுத விரலை வைத்தேன். நீக்கியது ஒன்றே ஒன்றுதான். அங்கே உட்கார்ந்திருந்தவர் என்ன சொன்னார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். படிக்கட்டுங்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மண்டிக்குப் போன் போட்டேன். எடுத்தவர் செல்வராணி.

"அந்த நேரம் எழுதி வெச்சிருக்கேன்னீங்களே, அது இருக்காம்மா?"

"இருக்குதுங்க. இன்னைக்குத்தான் எனக்குக் கடைசி நாளு. போறப்ப கிழிச்சுப் போடலாம்னு இருந்தேன்."

"கடைசி நாளா? ஏம்மா?"

"நீங்கதான எழுதிக் குடுத்தீங்க சார்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். மண்டிக்குள் நான் நுழையும்போது மணி இரண்டு. முற்றத்தில் ஒரு லாரிக்கு முட்டைக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. செல்வராணி நாட்காட்டியில் கிழித்த தாள்களை ஒரு கவ்வியில் அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் நின்ற நேரம், வந்த நேரம், அப்போது நின்றிருந்த லாரியின் எண். பதினெட்டுத் தாள். என் ஐந்து நிமிடக் கணக்கைவிடச் சுத்தமான கணக்கு. நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் என் பின்னால் நின்றார்.

இரண்டே முக்காலுக்கு இணைப்பு செத்தது. திண்டுக்கல்லில் என் பலகை அந்நேரம் பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தேன், வயர்லெஸ் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், ஒயரை ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. கைக்கு வேலை ஓய்ந்த பிறகுதான் தலையைத் தூக்கினேன். கொட்டகை வாசலில் நின்று அலுவலகக் கூரையைப் பார்த்தேன். கூரையைக் காணோம். லாரிதான் தெரிந்தது. கூண்டுக்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்கு மூட்டை அடுக்கி, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். முட்டைக்கோஸ் என்பது என்ன, இலை சுற்றிய தண்ணீர், வயர்லெஸ் அலை தாண்ட முடியாத தண்ணீர். என் இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவில் ஒரு லாரித் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. அடுத்த வண்டிக்கு வழிவிட அப்படியொரு லாரி நகரும்போதெல்லாம் இணைப்பு தானாகச் சரியாகியிருக்கிறது. சந்தை விடுமுறை நாளில், காலி முற்றத்தில், காக்கா மட்டும் நடந்துகொண்டிருக்கும்போது நான் சோதித்துப் பார்த்த வயர்லெஸ் அது.

லாரி ஓட்டுநர் ஆரோக்கியம் திண்டுக்கல்காரர். சீட்டுக்காகக் காத்திருந்து கடுப்பில் இருந்தார். நான் கிட்டே போனேன்.

"அண்ணே, வண்டிய செத்த நேரம் வாசப் பக்கம் எடுக்குறீங்களா?"

"எதுக்கு? சீட்டக் குடுங்க, நானே எடுத்துட்டுப் போறேன்."

"எடுத்தாத்தாண்ணே சீட்டு வரும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் எடுத்தார். லாரி வாசல் பக்கம் நகர்ந்த அரை நிமிடத்தில் அலுவலகத்தில் சீட்டு அச்சடிக்கும் சத்தம் கேட்டது.

"இப்ப மறுபடியும் பழைய எடத்துல நிறுத்துங்கண்ணே."

"ஏப்பு, வெளையாடுறீங்களா?"

"ஒரே ஒருக்கா."

நிறுத்தினார். இணைப்பு போனது. எடுத்தார், வந்தது. மூன்றாவது தடவை நான் கையைக் காட்டியபோது, தலையை வெளியே நீட்டி முற்றத்துக்கே கேட்கும்படி கத்தினார்: "சார், கம்ப்யூட்டருக்கு வண்டி ஓட்டப் பழக்குறீங்களா? அம்புட்டுத் தூரம் கேரளாவுக்குப் போனாக்கூட இம்புட்டு ரிவர்ஸ் எடுக்க மாட்டேன்!" சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். செல்வராணி சிரிக்கவில்லை. தன் தாள்களை எடுத்து, ஒவ்வொரு லாரி எண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாமே உசரமா ஏத்துன வண்டிங்க சார்," என்றார் மெதுவாக. "நடுவுல சும்மா வந்த சின்ன வண்டிக்கு ஒருக்காக்கூட நிக்கல."

நான் பஸ்ஸேறி வந்து கண்டுபிடித்தது பதினெட்டு நாளாக அவர் கையில் இருந்திருக்கிறது.

சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். வண்டி ஏன் முன்னும் பின்னும் போகிறது என்று கேட்டார். ஆன்டெனா தாழ்வாக இருக்கிறது, உயர்த்த வேண்டும் என்றேன். பக்கத்துப் பட்டறையில் இரண்டு இரும்புக் குழாய் வெட்டி வாங்கி, கூரையில் ஒன்று, கொட்டகையில் ஒன்று நட்டு, ஆன்டெனாக்களை லோடுக்கு மேலே ஏற்றினேன். மூன்று லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடுவில் நின்று பார்த்தும் சீட்டு தடையில்லாமல் வந்தது. முதலாளி முகம் மலர்ந்தது.

"பரவால்லீங்க, ஒரு மத்தியானத்துல முடிச்சுட்டீங்க. வாங்க, காப்பி சாப்புடலாம்."

தம்பிமார்களே, தங்கைமார்களே, எனக்கு அந்த இடத்தில்தான் சோதனை வந்தது. ஆன்டெனாவில் இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது. முதலாளி சந்தோஷம், லாரிக்காரர் சந்தோஷம். இந்த வேலையில் நான் கெட்டிக்காரனாகவே திரும்பிப் போகலாம். ஏற்கெனவே இருந்த கோளாறு என் கோளாறு என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு காப்பியைக் குடித்துவிட்டு வெள்ளிக்கிழமையை அதன் போக்கில் விட்டால் போதும். செல்வராணி தன் பையில் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"காப்பி அப்பறம் குடிக்கலாங்க," என்றேன். "நான் எழுதிக் குடுத்தது தப்பு. இந்த அம்மா மேல ஒரு குத்தமும் இல்ல. ஆன்டெனாவத் தப்பா வெச்சது நான். இவங்க போன் பண்ணிச் சொன்னப்பக் கேக்காம விட்டதும் நான்."

முதலாளி செல்வராணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "சரி உடுங்க. மனுசன்னா தப்பு வாரதுதான். வாயால சொல்லிட்டீங்கல்ல," என்றார்.

செல்வராணி பையைக் கீழே வைத்தார்.

"வாயால சொன்னா ஆகாதுங்க சார். குத்தம்னு எழுதித்தான குடுத்தீங்க? இல்லைன்னும் எழுதித்தான் குடுக்கோணும்."

ஒரு வெள்ளைத் தாள் வாங்கி எழுதினேன். தொழில்நுட்பக் காரணங்களால் இணைப்பில் ஏற்பட்ட தடை சரிசெய்யப்பட்டது. எழுதிப் பழகின கை, தானாகவே அப்படித்தான் போகும். நீட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார்.

"இந்தத் தொழில்நுட்பக் காரணத்துக்குப் பேரு இல்லீங்களா சார்?"

ஆரோக்கியம் லாரியிலிருந்தபடியே சிரித்துவிட்டார். நான் தாளைத் திரும்ப வாங்கினேன். ஆன்டெனாவை நான் தாழ்வாக வைத்ததால் இணைப்பு நின்றது. செல்வராணி நேரம் குறித்துப் பலமுறை தெரிவித்தும் நான் பொருட்படுத்தவில்லை. அவர் வேலையில் கவனக்குறைவு இல்லை. புதன்கிழமை நான் எழுதியது தவறு. கீழே பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் எழுதிய அறிக்கைகளில் ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லாத அறிக்கை அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் வாடிக்கையாளர்கள் என்னை விட்டுப் போய்விட்டார்களா என்று கேட்பீர்கள். ஒருவரும் போகவில்லை. நான் தெரியாது என்று சொன்னால் உண்மையிலேயே தெரியாது, சரி என்று சொன்னால் உண்மையிலேயே சரி என்று மண்டி முதலாளியே நாலு பேரிடம் சொல்லி, ஒட்டன்சத்திரத்தில் இன்னும் மூன்று இடம் எனக்குக் கிடைத்தது. அதனால் பயப்படாமல் எழுதுங்கள். உட்கார்ந்திருக்கிறவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். தெரியாத வரியை எழுதாமல் விடுங்கள்.

அன்றைக்கு முதலாளி அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அலுவலகத்துக்குள் போய், மேசையிலிருந்த போனை எடுத்து எண்களை அழுத்தினார்.

"மாப்ள, நாந்தானுங்க. திங்கக்கிழம நீங்க வர வேண்டாமுங்க... இல்லீங்க, அதெல்லாம் ஒண்ணுமில்ல. இங்க ஆளு இருக்குது."

செல்வராணி அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. கொட்டகையில் அடுத்த லாரிக்கு எடை ஓடிக்கொண்டிருந்தது. "அந்தப் பூசணி மூட்டையக் கீழ எறக்குங்க, ரெண்டு கிலோ கூட வருது" என்று அவர் யாரையோ அதட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.